டெல்லியிலிருந்து பாலைவன ராலிப் பாதை: பிகானேரா, கூரியா, கட்ச்சா?

குளிர் தொடங்கியதும் டெல்லியில் இருக்கும் நம் பைக் ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மயூர் விஹார், முனிர்கா, குருகிராம் என்று எங்கே இருந்தாலும் அதே பேச்சுதான்: "லடாக் போயாச்சு, அடுத்து மணல். எந்தப் பக்கம் போகலாம்?" 2015-இல் சி.எஸ். சந்தோஷ் பாலைவனத்தில் பல நாள் நடக்கும் உலகப் பந்தயமான டக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியரானார். 2024-இல் ஹரித் நோவா நம் ஓசூர் டிவிஎஸ் பங்காளியாக இருந்த ஷெர்கோ அணிக்காக ஓட்டி, உச்சப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவையே வென்றார். அதைப் பார்த்தவர்களுக்கு மணல் ஆசை வருவது இயல்பு. நாலைந்து நாள் லீவில் டெல்லியிலிருந்து போய்வர மூன்று இடங்கள் உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று துளிகூடப் பொருந்தாதவை.

எங்கே மணல்மேடு உயரம் என்று பார்த்துப் பாதை போடுகிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது, கால் முறிந்து கிடப்பவரை ஜீப் எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதை. டக்காரில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றும். நமக்கு அது கிடையாது. சாட்டிலைட் ஃபோன் வாங்கிக்கொள்ளலாமே என்றால், தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். எல்லை மாவட்டத்தில் பிடிபட்டால் பயணம் காவல் நிலையத்தில்தான் முடியும். மொபைல் சிக்னலோ ஒரு மேட்டில் வரும், அடுத்த பள்ளத்தில் போய்விடும். அதனால் எந்தப் புள்ளியில் நின்றாலும் பத்து கிலோமீட்டருக்குள் ஜீப் வரும் சாலை இருக்க வேண்டும். என் அலசல் முழுக்க இந்த அளவுகோலை வைத்துத்தான்.

முதல் பாதை: பிகானேர், கோலாயத், பஜ்ஜு, நாச்னா, மோகன்கட், ஜெய்சல்மேர். டெல்லியிலிருந்து பிகானேருக்குச் சுமார் 450 கி.மீ. தார்ச்சாலை, ஒரு பகலில் போய்விடலாம். அங்கிருந்து தென்மேற்கே இறங்கினால் இந்திரா காந்தி கால்வாய் கூடவே வரும். பஞ்சாபில் ஹரிகே அணையில் எடுக்கும் தண்ணீர் ஜெய்சல்மேர் மாவட்டம் வரை போகிறது. வழி தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. ஜிபிஎஸ் செத்தாலும், ரோட்புக் (வழிக்குறிப்புச் சுருள்) கிழிந்தாலும், கால்வாயை நோக்கித் திரும்பினால் கரைச்சாலை, பாலம், டீக்கடை என்று ஏதாவது வந்தே தீரும்.

ஆனால் சுலபமான பாதை என்று நினைத்துவிட வேண்டாம். கால்வாய் வந்ததும் வயல் வந்தது, வயலோடு முள்கம்பி வேலியும் வந்தது. போன வருஷம் திறந்து கிடந்த தடத்தின் குறுக்கே இந்த வருஷம் கம்பி ஓடும். மணல் நிறத்துக்கு முன்னால் துருப்பிடித்த கம்பி இருபது அடி நெருங்கும்வரை கண்ணில் படாது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கழுத்து உயரத்தில் அது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்தப் பாதையில் முதல் நாள் ஒருவர் ஜீப்பில் போய்த் தடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சாட்டிலைட் படத்தை மட்டும் நம்பிப் புள்ளி குறிக்கக் கூடாது. கூடவே சீமைக்கருவேலம். ராமநாதபுரத்தில் பார்க்கும் அதே மரம், அதே முள், ட்யூபுக்குள் அதே வேலை. பொக்ரான் பக்கம் குறுக்குவழி தேடுவதும் வேண்டவே வேண்டாம். 1974-இலும் 1998-இலும் அணுகுண்டுச் சோதனை நடந்த அந்த வட்டாரத்தில் இன்றும் ராணுவம் குண்டு சுட்டுப் பழகுகிறது. வெடிக்காத குண்டு மணலுக்குள் இருந்தால் நமக்குத் தெரியாது.

இரண்டாவது, ஜெய்சல்மேருக்குத் தெற்கே, மேற்கே: சாம், கூரி, மியாஜ்லார் பக்கம். மணல் என்றால் இதுதான். தூத்துக்குடித் தேரிக்காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடும், ஆனால் இது உருவத்திலேயே வேறு. கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுதான் இந்த மேடுகளைச் செதுக்குகிறது. அதனால் தென்மேற்குப் பக்கம் சாய்வு மெதுவாக, மணல் இறுகி இருக்கும். வடகிழக்குப் பக்கம் 30 பாகைக்கு மேல் சரிந்து, கால் வைத்தாலே உதிரும்.

பாதையின் திசையை முடிவு செய்வது இந்தச் சாய்வுதான். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓட்டினால் ஏறுவது சுகம். இறுகிய மணலில் மூன்றாம் கியரில் ஜம்மென்று போகும், முகடு வரும், அதற்கு அப்புறம் தரையே இருக்காது. புதியவர்கள் விழுவது அங்கேதான். எதிர்த்திசையில் வந்தால் செங்குத்துச் சரிவு முகத்துக்கு நேரே நிற்கும். ஏற முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். சிரமம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் சிரமம். அதனால் முதல் முறை போகிறவர்களுக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்கு என்றே பாதை போடுவேன். மறுதிசை போயே ஆக வேண்டுமென்றால் முகட்டுக்குச் சற்று முன்னால் வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, கீழே எட்டிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் மேடும் பள்ளமும் ஒரே மஞ்சளாகிவிடும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை முகடு தெளிவாகத் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு என் பெரிய தடை, பாலைவன தேசியப் பூங்கா. மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. சாம், கூரி இரண்டையும் ஒட்டியே கிடக்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் கானமயில்களில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) பெரும்பாலானவை வாழ்வது இந்த வட்டாரத்தில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை அது, இன்று காட்டில் நூற்றைம்பதுகூடத் தேறாது. வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும். அந்தப் புல்வெளியில் டயர் தடம் போடுவதற்கு எந்த விளையாட்டும் காரணமாகாது. எல்லையை ஒட்டிப் போனால் அனுமதிச் சிக்கல் வேறு. பூங்காவுக்கு வெளியே, ஊர்க்காரர்கள் காட்டும் மேடுகளில் ஒரு காலைப் பொழுது ஓட்டலாம். ராலிப் பாதையாக நீட்டக் கூடாது.

மூன்றாவது, கட்ச்சின் சின்ன ரண். மணலே இல்லை, உப்புப் படிந்த களிமண் தட்டை. மேலே அப்பளம்போல் காய்ந்திருக்கும், உடைந்தால் அச்சு வரை சேறு. அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட இல்லாததால் திசைகாட்டியை மட்டும் வைத்து ஓட்டிப் பழக அருமையான இடம். ஆனால் அது காட்டுக்கழுதைச் சரணாலயம், வனத்துறை சொல்லும் தடத்தில்தான் போகலாம். டெல்லியிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர். டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதியும் இல்லை. நாலு நாளில் இரண்டரை நாள் தார்ச்சாலையிலேயே தீர்ந்துவிடும்.

ஆக என் தேர்வு பிகானேர் பாதை, முடிவில் கூரியில் ஒரு காலை. உயர மேடுகள் குறைவுதான். ஆனால் மணல், வேலி, முள், கால்வாய் என்று மாறிக்கொண்டே இருக்கும் தரையில் வழி கண்டுபிடித்து ஓட்டுவதுதான் ராலி.

வண்டி விஷயத்தில் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450-ஐவிட ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 எனக்கு உசத்தி. முதலாவது 196 கிலோ, இரண்டாவது 160-க்கும் கீழே. ஒரு நாளில் பத்தாவது தடவை மணலிலிருந்து தூக்கி நிறுத்தும்போது அந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். எக்ஸ்பல்ஸ் டேங்க் 13 லிட்டர்தான். மணலில் மைலேஜ் பாதியாகும் என்று வைத்துக்கொண்டு, 150 கிலோமீட்டருக்குள் அடுத்த பங்க் வருகிறமாதிரி பாதையை வெட்டுங்கள். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். அதற்கு முன் டெல்லி கரோல் பாகில், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வு பிய்ந்துவிடும். தார்ச்சாலை ஏறியதும் காற்றடிக்க ஒரு சின்ன பம்ப். ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர். மூன்று வண்டிக்குக் குறைந்து கிளம்ப வேண்டாம்: ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் சாலைக்குப் போய் ஆள் கூட்டிவர.

திரும்பும்போது உடம்பு விட்டுப்போயிருந்தால் ஜெய்சல்மேரிலேயே வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிடலாம், டெல்லிக்கு நேரடி ரயில் இருக்கிறது. டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் ஏற்றிக்கொள்வார்கள், அதனால் கடைசி பங்க்கில் முழுசாக நிரப்ப வேண்டாம்.