மூன்று மாதத்தில் ஆட்டம் கண்ட கட்டில்

வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, புரண்டு படுத்தாலே கிரீச் என்கிறது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கச் சட்டம் மரமே இல்லை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. தலைமாட்டில் ஸ்க்ரூ போட்ட துளை பொலபொலவென்று உதிர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகலமாகிவிட்டது. இனி எத்தனை முறை முடுக்கினாலும் பிடிக்காது. இருவர் படுக்கும் கட்டிலுக்கு நடுவில் ஒரு தாங்கு கால்கூட இல்லை! குறுக்குப் பலகைகள் தொய்ந்து கிடக்கின்றன.

விற்றவர்களைக் கேட்டால், “நீங்கள் சரியாக முடுக்கவில்லை” என்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் நானே சட்டத்தின் மறுபக்கம்வரை துளைத்து, நீளமான போல்ட் விட்டு, இருபுறமும் அகல வாஷர் வைத்து நட்டைப் போட்டு இறுக்கினேன். நடுவில் ஒரு மரக்கால் கொடுத்தேன். சத்தம் நின்றது. ஆனாலும் இந்தக் கட்டிலை யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.