‘பாஸ் பை’ என்று இருந்தால் பணம் கட்டாதீர்கள்: இங்கிலாந்துக் கிராமச் சுற்றுலாவில் நாங்கள் ஏமாந்த கதை

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் என் தாயாரையும் ஆசிரியையான என் மனைவியையும் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் உள்ள ஒரு பயண நிறுவனத்தின் வழியாக இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்துக்குச் சென்று வந்தேன். தலைக்கு 4,380 வெள்ளி வீதம் மூவருக்கும் 13,140 வெள்ளி கட்டினோம். டிசம்பர் விடுமுறைக்கு இதே போன்ற பயணங்களுக்கு இப்போது முன்பதிவு நடப்பதால், எங்களுக்கு நேர்ந்ததை விவரமாக எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அம்மாதான் காரணம். தேக்கா சந்தையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய்கறிக் கடை வைத்திருந்தவர் அவர். சிப்பிங் கேம்டன் என்னும் ஊரில் 1627ஆம் ஆண்டு கட்டிய சந்தை மண்டபம் ஒன்று இன்றும் நிற்கிறது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வந்தவர்கள் மழையில் நனையாமல் இருக்க, சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற செல்வந்தர் அதைக் கட்டிக் கொடுத்தார். ஊர்ப்பெயரில் உள்ள ‘சிப்பிங்’ என்பதற்கே பழைய ஆங்கிலத்தில் சந்தை என்றுதான் பொருள். இதையெல்லாம் படித்துக் காட்டியபோது அம்மா அந்த மண்டபத்தின் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தரை மேடும் பள்ளமுமாத்தான் இருக்கு, ஆனா நல்ல நிழல்” என்றார். கடைக்காரரின் கண் அது.

நிறுவனத்தின் முகப்பில் எங்களுக்குக் காட்டிய துண்டறிக்கையில் மூன்று வாக்குறுதிகள் தெளிவாக இருந்தன. சிப்பிங் கேம்டனிலேயே பழைய விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்குவோம். சந்தை மண்டபத்திலும், 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, பின்னர் நெசவாளர் வீடுகளாக மாற்றிய பைபரி ஊரின் ஆர்லிங்டன் ரோ வரிசையிலும் இறங்கிப் பார்ப்போம். மோர்டன்-இன்-மார்ஷ் ஊருக்குச் செவ்வாய்க்கிழமை செல்வோம். அங்குத் தெருச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமைகளில்தான் என்பதால் இந்த மூன்றாவது வாக்குறுதி முக்கியமானது.

முழுப் பணத்தையும் கட்டிய பின், புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னதாக வாட்ஸ்அப்பில் வந்த இறுதிப் பயண நிரலை நான் கவனமாகப் படிக்கவில்லை. விடுதி இருந்த இடத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்கள் புகுந்திருந்தன. இரண்டு ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘பாஸ் பை’ என்று போட்டிருந்தார்கள். பேருந்து அந்த வழியாகப் போகும், நிற்காது என்பதுதான் அதற்குப் பொருள்; வெளியிலிருந்து பார்ப்பது, படமெடுக்க நிற்பது, உள்ளே நுழைவது என்று ஒவ்வொன்றுக்கும் பயணத் தொழிலில் தனித்தனிச் சொல் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

விடுதி ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து சிப்பிங் கேம்டன் போகவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இங்கிலாந்தில் பேருந்து ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எந்த ஊரிலும் இறங்க நேரமில்லை என்பதற்கு எங்கள் வழிகாட்டி இந்தச் சட்டத்தைத்தான் காரணம் காட்டினார். சட்டம் சரியானதுதான். ஆனால் விடுதியை அத்தனை தொலைவில் மலிவாகப் பிடித்துவிட்டு, ஒரே நாளில் ஐந்து ஊர்களை நிரலில் அடுக்கியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதே நாளில் ஆடைகள் விற்கும் தள்ளுபடிக் கடைத்தொகுதி ஒன்றில் மூன்று மணி நேரம் நிற்க மட்டும் நேரம் இருந்தது.

சிப்பிங் கேம்டனை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் படிந்த மூச்சாவியை முந்தானையால் துடைத்துவிட்டு அம்மா முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். தேன் நிறக் கல் வளைவுகள் வந்தன. தூண்களுக்கு இடையே யாரோ ஒருவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். பத்து விநாடியில் எல்லாம் பின்னே போய்விட்டன. “ஏன்பா, இங்க இறங்க மாட்டாங்களா?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மோர்டனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. சந்தை கூடிய இடத்தில் கார்கள் நின்றன.

திரும்பி வந்து புகார் செய்தபோது, அடுத்த பயணத்தில் தலைக்கு 150 வெள்ளி கழிவு தருவதாகச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. முதல் துண்டறிக்கையை முகப்பிலேயே கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று. அதையும், ரசீதையும், இறுதி நிரலையும், நெடுஞ்சாலை விடுதியின் அறை அட்டையையும் சேர்த்துப் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்டேன். நிறுவனம் அசையாததால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 3,600 வெள்ளி கோரி இணையம்வழி மனுச் செய்தேன். அங்கு 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை கோரலாம்; சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாது. எனக்கு ஆன கட்டணம் 10 வெள்ளி. விசாரணைக்கு முந்தைய கலந்தாலோசனையிலேயே நிறுவனம் 2,400 வெள்ளி திருப்பித் தர இணங்கியது.

பயண நிறுவனத்தின் உரிமம் செல்லுபடியானதா என்பதைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பட்டியலில் யாரும் பார்க்கலாம். நான் பார்த்திருந்தேன், இவர்களுக்கு முறையான உரிமம் இருந்தது. ஆகவே அது மட்டும் போதாது. விடுதியின் பெயரையும் ஊரையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை நிமிடம் இறங்கி நிற்பீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தை ஊர் என்றால் அது எந்தக் கிழமை கூடும் என்பதை நீங்களே தேடிப் பார்த்து, நிரலில் உள்ள கிழமையோடு ஒப்பிடுங்கள். இவற்றைத் தர மறுக்கும் முகப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் ஒத்துழைத்தால், அடுத்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த ரயிலில் ஏறுவதாக இருக்கிறோம்.