கிரைண்டரா, கையா: கடலோரத்துக் கத்திக்கு எந்த மெருகு?

கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் அடுப்படி ஆணியில் இரண்டு மீன் கத்திகள் தொங்குகின்றன. இரண்டும் ஒரே லாரி ஸ்பிரிங் பிளேட்டில் பிறந்தவை. காயலான் கடையில் எடை போட்டு வாங்கியதை ஆசாரி காய்ச்சித் தட்டிக் கொடுத்தார். அரம் போட்டு வடிவம் எடுத்ததும், மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். கடைசி மெருகு மட்டும் வேறு. ஒன்றுக்குக் கை கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க், அதாவது தேய்ப்புத் தாள் மடல்களை அடுக்கிய வட்டத் தட்டு. இன்னொன்றுக்கு வெறும் கையும் தாளும்.

வேகத்தில் கிரைண்டரை அடித்துக்கொள்ள முடியாது. முக்கால் மணி நேரத்தில் கத்தி பளபளவென்று வந்துவிட்டது. கையால் தேய்த்தது மூன்று மாலை எடுத்தது, தோள் வலி தனிக் கணக்கு. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, கிரைண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால்.

கிரைண்டரில் ஒரே பயம் சூடு. தோய்த்து, பிறகு மிதமாகச் சுட்டுப் பதம் இறக்கிய இரும்பு 200 டிகிரி வரை தாங்கும். அலகின் மெல்லிய பகுதியில் டிஸ்க் கொஞ்சம் நின்றாலும் முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் நீலம். நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு நுனியில் நகக்கண் அளவுக்கு நீலம் விழுந்தது. அதை அறுத்து எறிந்ததால்தான் அந்தக் கத்தி கொஞ்சம் குட்டை.

கை வேலைக்கு வருவோம். தச்சர்கள் மரத்துக்குப் போடும் உப்புத்தாள் தோய்த்த இரும்பில் ஏறாது, தாள்தான் மொட்டையாகும். கடையில் கறுப்பு வாட்டர் பேப்பர் என்று கேட்க வேண்டும். கத்திக்குக் கூர் வைக்கும் முன்பே தேய்த்து முடித்துவிடுவது நல்லது. நான் அவசரப்பட்டதற்கு இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. அலகை ஒரு பலகையில் படுக்க வைத்துக் கட்டி, தாளை விரலில் சுற்றாமல் தட்டையான கட்டையில் சுற்ற வேண்டும். விரலால் தேய்த்தால் அலகில் பள்ளம் விழும். தாளின் நம்பர் கூடக் கூட அது நைசாகும். 120-இல் குறுக்காக, 220-இல் சாய்வாக, 400-இல் எதிர்ச் சாய்வாக என்று ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றிக்கொண்டே போனால், முந்தைய கோடு மிச்சம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். இடையில் துடைக்க மறக்கக் கூடாது. 120-இன் ஒரு துகள் 400-க்குள் புகுந்தால் அன்றைய மாலை வீண். கடைசி 600-ஐ மட்டும் பிடியிலிருந்து நுனி வரை ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் போனால் திரும்பும் இடத்தில் தூண்டில் முள் போல ஒரு வளைவு விழும். பகலில் கண்ணுக்குப் படாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பல்லை இளிக்கும்.

இத்தனை பாடு எதற்கு? அழகுக்கு என்றால் நானே கிரைண்டரோடு நின்றிருப்பேன். இங்கே விஷயம் துரு.

எங்கள் ஊரில் கத்தி நனையாமலே நனையும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மூடாத உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்பும் அப்படித்தான். ராத்திரியில் அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர் படிந்திருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனி வண்ணப்பூச்சும் தேவைப்பட்டன. லாரி பட்டையில் செய்த கத்தி எம்மாத்திரம்?

போன வாடைக் காலம் முழுவதும் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி, ஒரே மாதிரி கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன். இரண்டுமே துருப்பிடித்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிரைண்டர் கத்தியில் டிஸ்க் உழுத சால் ஒவ்வொன்றிலும் உப்பும் மீன் ரத்தமும் தங்கி, துரு கோடு கோடாக உள்ளே இறங்கியது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் மேடு வெளுக்கும், பள்ளம் அப்படியே சிவக்கும். "இதுல விளமீன் அறுத்தா காவி ஒட்டுதுடா" என்று அம்மா அதைத் தொடுவதையே விட்டுவிட்டார். கையால் 600 வரை தேய்த்த கத்தியில் வந்தது புள்ளித் துருதான். பழைய 600 தாள் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கோடு போகும் திசையிலேயே நாலு இழுப்பு. இரண்டு நிமிடத்தில் பழைய முகம் திரும்பிவிடும்.

அப்படியானால் இன்னும் மேலே போய்க் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்யலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். உப்பு தங்க இடமே இராது என்பதால் துரு இன்னும் குறையும், அது சரி. ஆனால் பாறை மீனின் பக்கச் செதிள் ஒரு முறை உரசினால் போதும், கீறல் பளிச்சென்று தெரியும். அதைச் சரி செய்ய மறுபடி பஃபிங் சக்கரத்துக்கு ஓட வேண்டும். 600-இன் கீறல் 600-இலேயே மறைந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிது.

காய்ச்சும்போது படியும் உலைக் கறுப்பை உரிக்காமல் அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அந்த அண்ணனின் அரிவாள் அப்படித்தான், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தினம் தினம் சீமைக்கருவேலம் வெட்டுகிறது, மீன் தண்ணீரில் கிடப்பதில்லை. நான் பார்த்ததும் ஒரே ஒரு மழைக்காலம்தான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் மணலும் சேர்ந்து அடிக்கும்போது கணக்கு மாறலாம்.

பிடி இரண்டுக்கும் சீமைக்கருவேலம்தான். 220 வரை தேய்த்து லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) ஊற வைத்தேன், அதில் குறை இல்லை.

கிரைண்டர் கத்தியை நேற்று பலகையில் கட்டி 120-இல் தொடங்கியிருக்கிறேன். இரண்டு தாள் தீர்ந்தது, சால் இன்னும் தெரிகிறது.