எம்ஆர்ஐ ஆஃபர் என்று போன் வந்தால் உஷார்: ரூ.9,200 போச்சு

மும்பையில் இருக்கிற நம்மவர்கள் கவனத்துக்கு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தள்ளுபடியில் புக் பண்ணித் தருகிற ஆப்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றிடம் 9,200 ரூபாயைத் தொலைத்துவிட்டு வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். என்னென்ன கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்பிலிருந்து வலது கால் வரை சுரீர் சுரீரென்று வலி. கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, பாதத்தின் மேல்பக்கம் மரத்துவிட்டது. எலும்பு டாக்டர் காலை நீட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி, இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பான எல்5-இன் வேரை அழுத்துகிறது போலிருக்கிறது, இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுங்கள் என்றார்.

ஆப்பில் விலை பார்த்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. முதலில் இந்தி. என் பேரைச் சொன்னதும், "தமிழாக்கா நீங்க?" என்றாள் அந்தப் பெண். செம்பூரில் எவ்வளவு காலம் இருந்தாலும் இப்படி யாராவது தமிழில் பேசிவிட்டால் மனசு இளகத்தானே செய்யும்? "கவலைப்படாதீங்கக்கா, இடுப்புக்கு ஆகுற காசுல முழு முதுகெலும்பும் எடுத்துடுவாங்க. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா நரம்பு பளிச்சுனு தெரியும், அதையும் சேர்த்துடறேன். உங்க தங்கச்சி மாதிரி சொல்றேன்." போனை வைப்பதற்குள் 9,200 ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஸ்கேன் சென்டரில் உள்ளே போனவர், நான் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே வெளியே வந்துவிட்டார். ஊசியே போடவில்லை. ஆனால் பில்லில் கான்ட்ராஸ்ட் இருக்கிறது!

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் முகம் சுளித்தார். அத்தனையும் நீளவாக்கில் எடுத்த படங்கள். இது வெறும் 'ஸ்கிரீனிங்'காம், அதாவது மேலோட்டமான ஸ்கேன். டிஸ்க் எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது, எந்த வேரை எவ்வளவு அழுத்துகிறது என்று சரியாகப் பார்க்கக் குறுக்குவாக்குப் படங்களும் வேண்டும். எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள ஒரே டிஸ்க்தான், நடுவிலிருந்து சற்று ஒதுங்கிப் பிதுங்கினால் கீழே இறங்குகிற எல்5 வேர் மாட்டும். இன்னும் வெளியே, நரம்பு வெளியேறும் துவாரத்தில் பிதுங்கினால் எல்4 வேர் மாட்டும். ரிப்போர்ட்டிலோ வலதா இடதா என்றுகூட இல்லை, 'டிஸ்க் பல்ஜ்', அதாவது டிஸ்க் பிதுக்கம், என்று மட்டும். அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்து 1994-இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு பல்ஜ் இருந்ததாம். அப்படியிருக்க, இந்த ஒரு சொல்லை வைத்து என்ன முடிவெடுப்பது? கான்ட்ராஸ்ட் பற்றிக் கேட்டேன். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களுக்கு, தழும்பா மறுபடி வந்த டிஸ்க்கா என்று பிரித்தறியத்தான் பெரும்பாலும் போடுவார்களாம். இவருக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத ஊசிக்குக் காசு, அதையும் போடவில்லை!

சென்டருக்குப் போனால், "ரிப்போர்ட் கொடுத்தாச்சே, ஆப்பில் வந்த ஆர்டரே ஸ்கிரீனிங்தான், அங்கே கேளுங்கள்" என்று கையை விரித்தார்கள். ஆப்பில் கேட்டால், "சென்டர்தான் பொறுப்பு, புகார் டிக்கெட் போட்டிருக்கிறோம், காத்திருங்கள்." தங்கச்சியின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் ஒருநாள் மெயில் வந்தது: 'சிரமத்துக்கு வருந்துகிறோம், தைராய்டு பரிசோதனைக்கு 500 ரூபாய் கூப்பன்.' என் 9,200 ரூபாய்க்குத் தைராய்டு கூப்பன்! அவருக்கு வலி காலில்!

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மறுபடி ஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டும், விரிவாக எழுத நேரமில்லை. காசு கட்டும் முன் ஸ்கிரீனிங்கா முழு ஸ்கேனா, குறுக்குவாக்குப் படங்கள் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். மெஷினின் காந்த சக்தி எத்தனை டெஸ்லா என்றும் கேளுங்கள். டாக்டர் எழுதாத கான்ட்ராஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபிலிமோடு சிடியும் வாங்குங்கள். சிறுநீர் போக முடியாமலோ, உட்காரும் இடம் மரத்தோ போனால் ஆஃபர், அப்பாயின்ட்மென்ட் எதையும் பார்க்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.