இறக்கத்து வளைவில் இரண்டு பெரிய பைக்குகள்: ஆர் 1250 ஜிஎஸ், ஆப்பிரிக்கா ட்வின்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வால்பாறை, கொல்லிமலை, நீலகிரி என்று மலைச்சாலைகளிலேயே பெரும்பாலும் ஓட்டுகிற ஒருவருக்குப் பெரிய அட்வென்ச்சர் பைக்குகளில் எது பொருந்தும் என்று பார்த்தபோது, கடைசிவரை நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ். மற்றொன்று ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ். 2021-இல் ஷோரூம் விலையாக முதலாவதற்கு 20.45 லட்சம் ரூபாய், மேனுவல் கியர் கொண்ட இரண்டாவதற்கு 15.96 லட்சம் ரூபாய். ஏறத்தாழ நான்கரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து நான் ஜிஎஸ்ஸை எடுத்தேன். நெருங்கிய நண்பரிடம் ஆப்பிரிக்கா ட்வின் இருப்பதால், ஒரே சாலையில் வண்டிகளை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது இன்றும் தொடர்கிறது. என் சாய்வு ஜிஎஸ் பக்கம்தான். அது ஏன் என்பதையும், யாருக்கு அந்தக் காரணம் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

எல்லோரும் அறிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஜிஎஸ் 1254 சிசி, 136 குதிரைத்திறன், 143 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஹோண்டா 1084 சிசி, ஏறத்தாழ 100 குதிரைத்திறன். நம் சாலைகளுக்கு இரண்டுமே போதும், போதும் என்பதற்கு மேலும் உண்டு. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஓட்டு முறைகள் என்று மின்னணு வசதிகளில் எதுவும் பின்தங்கவில்லை. இருக்கை உயரம் இரண்டிலும் 850 மில்லிமீட்டர், வேண்டுமானால் 870-க்கு உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே நடுத்தர உயரமுள்ளவர் இரண்டிலும் நுனிக்காலில்தான் நிற்பார். பெட்ரோலோடு ஜிஎஸ் 249 கிலோ, ஹோண்டா சுமார் 240 கிலோ. காகிதத்தில் பார்த்தால் ஹோண்டாவே இலகுவானது, விலையும் குறைவு. அப்படியிருந்தும் மலையிலிருந்து இறங்கும்போது ஜிஎஸ்தான் இலகுவாக இருக்கிறது. என் முடிவு முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு வண்டிகளும் எங்கிருந்து வந்தன என்பதில் இதற்குப் பாதி விளக்கம் இருக்கிறது. ஹோண்டா தன் என்எக்ஸ்ஆர் 750 வண்டியால் 1986 முதல் 1989 வரை தொடர்ந்து பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றது. அந்தப் பெருமையின் நேரடி வாரிசாக 1988-இல் முதல் ஆப்பிரிக்கா ட்வின் விற்பனைக்கு வந்தது. பாலைவன மணலுக்கென அமைந்த 21 அங்குல முன் சக்கரமும் அதை இருபுறமும் பிடித்திருக்கும் நீண்ட ஃபோர்க்கும் எங்கள் நண்பரின் வண்டியிலும் அப்படியே இருக்கின்றன. பிஎம்டபிள்யூவும் டக்காரை வென்ற நிறுவனம்தான். 1980-இல் வந்த அதன் ஆர் 80 ஜிஎஸ்ஸுக்கும் 21 அங்குலச் சக்கரமே இருந்தது. ஆனால் 1994-இல் ஆர் 1100 ஜிஎஸ் வந்தபோது முன் சக்கரம் 19 அங்குலமாகச் சுருங்கியது, வழக்கமான ஃபோர்க்கின் இடத்தில் டெலிலீவர் என்ற வேறொரு அமைப்பு வந்து சேர்ந்தது. அதாவது, ஜிஎஸ் அப்போதே மணலை விட்டுத் தார்ச்சாலை மலைகளின் பக்கம் ஒரு அடி நகர்ந்துவிட்டது.

வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70. ஏறும்போது எந்தப் பெரிய வண்டியும் நன்றாகத்தான் போகும், ஏனென்றால் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருப்பதால் வண்டி தானாக நிலைகொள்கிறது. சிக்கல் இறக்கத்தில்தான். வால்பாறையிலிருந்து இறங்கி, ஆழியாறு அணை கீழே தெரிகிற லோம்ஸ் வியூ வளைவை நெருங்கும்போது, கீழேயிருந்து அரசுப் பேருந்து ஒன்று வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை. ஆகவே நாம் முதல் கியரில், ஏறக்குறைய நடக்கிற வேகத்தில், வண்டி ஏற்கெனவே உள்பக்கம் சாய்ந்திருக்கிற நிலையில், முன் பிரேக்கைத் தொட்டாக வேண்டும். பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் பெட்டிகள் இருக்கின்றன. இந்த இரண்டு, மூன்று விநாடிகளில் வண்டி என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனித்து வாங்கினேன்.

சாதாரண ஃபோர்க்கில், குழாய்களுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கே குழியையும் தாங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாய்கிற எடையையும் தாங்குகிறது. பிரேக்கைத் தொட்டதும் ஃபோர்க் அமுங்குகிறது, முன்பக்கம் தாழ்கிறது, ஃபோர்க்கின் சாய்வு செங்குத்தாகிறது. அதனால் ஹேண்டில்பார் நாம் எதிர்பார்த்ததைவிடச் சற்று வேகமாக உள்பக்கம் திரும்பிவிடுகிறது. ஹோண்டாவின் முன் சஸ்பென்ஷன் 230 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடியது. மேடுபள்ளமான பாதையில் அது வரம், இறக்கத்து வளைவில் அதே நீளம்தான் முன்பக்கம் தாழ இடம் கொடுக்கிறது. பிரேக்கை விட்டதும் முன்பக்கம் எழும்புகிறது, வண்டி மீண்டும் கோடு மாறுகிறது. கைதேர்ந்தவர்கள் இதை முன்கூட்டியே ஈடுகட்டிவிடுவார்கள், என் நண்பர் அழகாகவே செய்கிறார்; ஆனாலும் நாள் முழுவதும் வளைவுகளில் இறங்கிய பிறகு தோளும் மணிக்கட்டும் அந்த வேலையின் கணக்கைச் சொல்லிவிடும். ஃபோர்க் அமுங்குகிற வேகத்தை அடக்கும் டாம்பிங்கை இறுக்கினால் தாழ்வது குறையும், பதிலுக்குச் சாலையின் சிறு மேடுகள் கைக்கு வரும்.

டெலிலீவரில் ஃபோர்க் குழாய்களுக்கு எடை தாங்கும் வேலை இல்லை. சக்கரத்தைப் பிடித்திருப்பதும் திருப்புவதும் மட்டுமே அவற்றின் பணி. வண்டியின் உடலோடு கீல்போலப் பொருத்தப்பட்ட ஏ வடிவக் கை ஒன்று முன்னோக்கி வந்து ஃபோர்க்கோடு இணைகிறது. அந்தக் கையின் மேல் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் நிற்கிறது. பிரேக் பிடிக்கும் விசையில் பெரும்பகுதி ஸ்பிரிங்கை அமுக்காமல் அந்தக் கை வழியாக வண்டியின் உடலுக்கே போய்விடுவதால், முன்பக்கம் மிகக் கொஞ்சமே தாழ்கிறது, ஃபோர்க்கின் சாய்வும் பெரிதாக மாறுவதில்லை. போதாக்குறைக்கு, முன் பிரேக் லீவரை அழுத்தினாலே பின் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கிறது. பேருந்துக்காக வளைவின் நடுவில் வேகத்தைக் குறைத்தாலும், நாம் வகுத்த கோட்டிலேயே வண்டி மட்டமாக நின்று இறங்குகிறது. பின்னால் அமர்ந்திருப்பவர் நம் முதுகில் வந்து மோதுவதும் இல்லை. என் மனைவி இரண்டு வண்டிகளிலும் அமர்ந்துவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்.

இதோடு ஜிஎஸ்ஸின் பாக்ஸர் எஞ்சினின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு சிலிண்டர்களும் பக்கவாட்டில் படுத்திருப்பதால் எஞ்சினின் எடை தாழ்வாக இருக்கிறது. ஹோண்டாவில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, அவற்றுக்கு மேல் 24 லிட்டருக்கும் அதிகமான பெட்ரோல் டேங்க். நிரப்பினால் பெட்ரோலே 18 கிலோ அளவுக்கு வரும். டேங்க் பாதியாகும்போது அந்த வண்டி வேறு வண்டிபோல ஆகிவிடுவது, நானும் நண்பரும் சேர்ந்தே கவனித்த விஷயம்.

டெலிலீவருக்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முன் டயர் சாலையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற செய்தி ஹேண்டில்பாருக்கு மங்கலாகவே வருகிறது. ஹோண்டாவில் ஃபோர்க் அமுங்குகிற அளவே எவ்வளவு பிரேக் பிடித்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஜிஎஸ்ஸில் அந்தத் தகவல் இல்லாமல் வண்டியை நம்பப் பழக வேண்டும். மழையில் நனைந்த, பாசி படர்ந்த நீலகிரிச் சாலைகளில் எனக்கு இந்த நம்பிக்கை மெதுவாகவே வந்தது. ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிடிக்காமலே போகலாம்.

தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கணக்கு மாறுகிறது. 21 அங்குலச் சக்கரம் கல்லையும் குழியையும் ஏறிக் கடக்கிற நிதானம் ஜிஎஸ்ஸின் 19 அங்குலத்துக்கு வராது; ஹோண்டா ஒடுங்கிய வண்டி என்பதால், நின்றுகொண்டு ஓட்டும்போது முழங்கால்களுக்கு நடுவில் நன்றாக அடங்குகிறது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற பாக்ஸர் சிலிண்டர்களை நினைத்துக்கொண்டே பாறைகளுக்கு நடுவே போவது எனக்கு இன்னும் இயல்பாகவில்லை. ஆழமான மணலில் நான் அதிகம் ஓட்டியதில்லை, ஆகவே அதைப் பற்றிய என் கருத்துக்கு எடை இல்லை. ஆனால் ஓட்டுவதில் மூன்றில் ஒரு பங்காவது மண் பாதையில் என்பவர் ஹோண்டாவைத்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. கிளட்ச் லீவரே இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஹோண்டாவின் டிசிடி வகையைக் குறைந்த தூரமே ஓட்டியிருக்கிறேன். நகர நெரிசலில் சுகமாக இருந்தது, குறுகிய வளைவில் அரை கிளட்ச்சில் வேகத்தை அளந்து விடுகிற வசதிக்கு அது ஈடாகுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை ஜிஎஸ்ஸுக்குச் செயின் கிடையாது, பின் சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டுதான். மழைப் பயணம் முடிந்த இரவில், தங்கும் விடுதி வாசலில் நண்பர் செயினைத் துடைத்து எண்ணெய் அடித்துக்கொண்டிருக்கையில் நான் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். அவர் வண்டியில் செயின் தொய்வையும் பற்சக்கரத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். என் வண்டியில் 20,000 கிலோமீட்டருக்கு அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஷாஃப்ட் முனையின் எண்ணெய் மாற்றுவதுதான் முக்கிய வேலை. அதே நேரம் ஷாஃப்டில் ஏதாவது பழுதானால் வழியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரிசெய்ய முடியாது. செயினை எந்த ஊரிலும் பார்த்துவிடுவார்கள். உதிரிபாகம், சர்வீஸ் இரண்டிலும் ஜிஎஸ்ஸுக்குக் கூடுதலாகவே செலவாகிறது. மறுவிற்பனை விலையைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். இந்த வகை வண்டிகள் நம் ஊரில் கைமாறுவதே குறைவு.

இன்று புதிதாக வாங்குகிறவருக்கு 1250-க்குப் பதில் ஆர் 1300 ஜிஎஸ்தான் கிடைக்கும், 2024-இல் 20.95 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்தது. கியர்பெட்டி எஞ்சினுக்கு அடியில் போய்விட்டது, எடை 237 கிலோவாகக் குறைந்திருக்கிறது, டெலிலீவரும் திருத்தப்பட்டிருக்கிறது. சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டியதில் முன்பக்கத்தின் செய்தி முன்பைவிடத் தெளிவாகக் கைக்கு வந்தது. இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை. எதை வாங்குவதாக இருந்தாலும், சோதனை ஓட்டத்துக்குத் தருகிற நகரச் சாலையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஏற்கெனவே அந்த வண்டி வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டு, டேங்கை நிரப்பி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஏதாவதொரு மலையிலிருந்து மெதுவாக இறங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.