ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்: திருச்சியில் சுருட்டுப் புகைத்த அனுபவம்

சுருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இலை எந்த ஊரில் விளைந்தது, எத்தனை ஆண்டு பதப்பட்டது, யார் சுற்றியது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். புகைத்த அன்று மழையா வெயிலா, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை மட்டும் எழுதுவதில்லை. உள்ளூர் உறையூர்ச் சுருட்டையும், வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் தரும் நிகரகுவா நாட்டு ரோபஸ்டோவையும் (குட்டையும் தடிப்புமான ஒரு சுருட்டு வகை) பல ஆண்டுகளாகத் திருச்சியில் புகைத்து வருகிறேன். ஒரே கட்டிலிருந்து எடுத்த சுருட்டு சித்திரையில் ஒரு மாதிரியும் ஐப்பசியில் வேறு மாதிரியும் இருக்கிறது. சரக்கு மாறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும்.

புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டால் வாய்ப் புற்றுநோய் வரும்.

பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. வீட்டுக்குள் புகைக்க வீட்டார் விடுவதில்லை, அது நியாயமும்கூட. ஆக, எனக்கு வாய்த்த இடம் மொட்டை மாடி. வானிலை நேராகச் சுருட்டின் மேல் வந்து இறங்கும் இடம் அது.

என் கணக்கில் சுருட்டுக்கு முதல் எதிரி மழையும் அல்ல, வெயிலும் அல்ல, காற்றுதான். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். சுருட்டின் சுவை எம்மாத்திரம்? நாம் இழுக்கும்போது கங்கு சிவந்து, இழுப்புக்கு இழுப்பு நடுவில் ஆற வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்று சொல்வதெல்லாம் இந்த ஆறுதலுக்காகத்தான். மேல்காற்று வீசும்போது நாம் இழுக்காமலேயே கங்குக்கு ஓயாமல் காற்று கிடைக்கிறது. சூடு ஏறிக்கொண்டே போகிறது. உறையூர்ச் சுருட்டில் நான் தேடுவது காரத்துக்கு அடியில் மெல்ல வரும் ஒரு தித்திப்பு. சூடு ஏறினால் அதுதான் முதலில் காணாமல் போகிறது. பிறகு வெறும் காரமும் தொண்டைக் கமறலும்தான். காற்று படும் பக்கம் விறுவிறுவென்று எரிந்து உள்ளே போக, மறுபக்கம் எரியாமல் கருகி நிற்கும். அந்தக் கருகலின் கசப்பு கடைசி இழுப்புவரை விடாது. போதாக்குறைக்கு, மூக்கருகே சுற்ற வேண்டிய புகையையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மணம்தான் என்பதால் பாதி நஷ்டம் அங்கேயே நடந்துவிடுகிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காருவது ஓரளவு கைகொடுக்கிறது. எரியாத பக்கத்தைக் கீழே இருக்கும்படி திருப்பிப் பிடித்தால் அது மெதுவாக மற்றப் பக்கத்தை எட்டிப்பிடிக்கும். ஆனாலும் ஆடியில் ரோபஸ்டோவை நான் தொடுவதே இல்லை. அதன் கொட்டை மணமும் மரவாசனையும் நுட்பமானவை, காற்றுக்கு நிற்காது. உறையூர்ச் சுருட்டு முரட்டுச் சரக்கு. பாதிச் சுவையாவது மிஞ்சும்.

கோடையில் சிக்கல் வேறு. அக்னி நட்சத்திரத்தில் பகல்நேர ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. புகையிலை தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். சுருட்டின் மேல் இலை உள்ளே இருப்பதைவிட வேகமாகக் காய்ந்து சுருங்குவதால் விரல் பட்டாலே வெடிக்கிறது. பெட்டிக் கடையில் திறந்து கிடக்கும் சுருட்டுக் கட்டை மே மாதத்தில் வாங்கினால் சீக்கிரம் எரிந்து, சூடாக, தட்டையாக இருக்கும். நம் உடம்பும் அதற்குத் துணை போகிறது: வாய் உலர்ந்திருந்தால் எந்தச் சுருட்டும் உறைப்பாகவே தெரியும். வெயில் காலத்தில் வெறும் வயிற்றில் புகைத்தால் வியர்த்துக் கிறுகிறுப்பு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு மேல் புகைப்பதுதான் சரி. காய்ந்த சுருட்டை ஈரத்துணியில் சுற்றி ஒரே நாளில் உயிர்ப்பிக்கச் சொல்லும் பெரியவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். மேல் இலை ஒரு பக்கமாக ஊதிப் பிளந்துவிடும். ஈரம் நாள்கணக்கில் மெதுவாக ஏற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். ஈரம் ஏறிய சுருட்டில் இழுப்பு இறுகுகிறது, நடுவில் அணைகிறது, திரும்பத் திரும்பப் பற்றவைப்பதால் கசக்கிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் புகையோடு வருவதால் நாக்கைச் சுடவும் செய்கிறது. இதில் இலைக்கு இலை வேறுபாடு உண்டு. குளோரைடு மிகுந்த இலை ஈரத்தை அதிகம் இழுக்கும், சரியாக எரியாது. பொட்டாசியம் மிகுந்தது சீராக எரியும். உப்புத் தண்ணீர் பாய்ந்த வயலின் புகையிலை மெல்லுவதற்குப் பெயர் வாங்கினாலும் சுருட்டில் படுத்தி எடுப்பது இதனால்தான்.

ஆனால் மழைக்கால வேளை ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மழை ஓய்ந்து, காற்று அசையாமல் நிற்கும் மாலையில் புகை கலையாமல் முகத்தருகே தங்குகிறது. அப்போது, பெட்டிக்குள் பக்குவமாக வைத்திருந்த சுருட்டை எடுத்து உடனே பற்றவைத்தால் வேறெந்தப் பருவத்திலும் கிடைக்காத மணம் கிடைக்கிறது. கெடுதல் சுருட்டுக்குள் புகும் ஈரத்தில்தான். வெளியே நிற்கும் ஈரம் நல்லதே செய்கிறது.

கொடைக்கானலில் புகைத்தது பெரும் ஏமாற்றம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. லைட்டர் மக்கர் செய்கிறது, கங்கு சோம்பிக் கிடக்கிறது. குளிரில் மூக்கும் மந்தமாகிவிடுகிறது. எது புகை, எது மூச்சு என்றே தெரியாது. படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி, வைத்துக்கொள்ளும் முறை. வெளிநாட்டுக் குறிப்புகள் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி என்று சொல்கின்றன. திருச்சியில் அந்தக் குளிர் அறைக்குள் தானாக வராது. வெப்பத்தோடு ஈரமும் கூடினால் பூஞ்சையும் புகையிலை வண்டும் வரும் என்பதால் நான் 65 சதவீத ஈரப்பதப் பையையே (சுற்றியுள்ள ஈரத்தை அந்த அளவில் நிறுத்தும் சிறு பை) காற்றுப் புகாத டப்பாவில் போடுகிறேன். ரோபஸ்டோ இதில் சீராக எரிகிறது. உறையூர்ச் சுருட்டுக்கு இறுக மூடிய பிஸ்கெட் டின் போதும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்தால் உள்ளூர் வாசனை மற்றதைத் தின்றுவிடும். மேல் இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். மற்றச் சுருட்டுகளைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெண்மையாகப் பஞ்சுபோல் படர்ந்திருப்பதைப் பழுத்ததன் அடையாளம் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம், அது பூஞ்சை.

ஈரப்பதமானி வாங்குகிறவர்கள் அதன் முகப்பில் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அதோடு ஒரு மூடிய டப்பாவில் ஒருநாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.