மூச்சா, பேச்சா, மாத்திரையா: நிலச்சரிவுக்குப் பின் எது, எப்போது, யாருக்கு?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் மலை இடிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மேல் விழுந்ததில் 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். நான்கு பேரின் உடல் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு இருநூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இரண்டுமே ஊர் உறங்கும் நேரத்தில் நேர்ந்தவை என்பதால், இடுக்கி மலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் இன்றும் முதலில் சொல்லும் குறை தூக்கத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. மழை வலுத்தால் கண் மூட முடிவதில்லை, பின்பக்கத்துச் சரிவில் ஒரு கல் உருண்டாலும் நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகளைச் செருப்போடு படுக்க வைக்கத் தோன்றுகிறது என்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் ஒன்று. ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுவது இன்னொன்று. டாக்டர் எழுதித் தரும் மாத்திரை மூன்றாவது. வேலைக்குப் போ, நாலு பேரோடு இரு, போகப் போகச் சரியாகும் என்று பெரியவர்கள் சொல்வது நான்காவது. ஒவ்வொரு வழியைச் சொல்பவரும் தம் வழி ஒன்றே போதும் என்பதுபோலப் பேசுவதால், கேட்பவர் குழம்பிப்போகிறார். மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதறிக்கிடக்கும் உடலை அமைதிப்படுத்த, செலவில்லாமல் எவரும் செய்யக்கூடிய வழிகளில் மூச்சுப் பயிற்சியையே நான் முதலில் வைப்பேன். ஆனால் அந்த இரவே திரும்பத் திரும்பக் கண்முன் வந்து நிற்பவர்களுக்கு அது மட்டும் போதாது. அவர்களை உரிய சிகிச்சைக்கு அனுப்பாமல், இன்னும் பத்து நாள் பிராணாயாமம் செய்து பாருங்கள் என்று நிறுத்திவைப்பது பெரும் தவறு.

யோகாவின் பக்கம் இருக்கும் சான்றுகளில் நமக்கு மிக நெருக்கமானது நாகப்பட்டினத்திலிருந்து கிடைத்தது. 2004 சுனாமியில் உயிர் தப்பி முகாம்களில் தங்கியிருந்த 183 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு யோக மூச்சுப் பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதனோடு நடந்ததை நினைவுகூர்ந்து பேசும் சிகிச்சை, மூன்றாம் பிரிவுக்கு ஆறு வாரக் காத்திருப்பு என்று வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மூச்சுப் பயிற்சி பெற்ற இரு பிரிவினரிடமும் அதிர்ச்சி அறிகுறிகள் பெருமளவு குறைந்தன. காத்திருந்தவர்களிடம் மாற்றம் மிகச் சிறிது. பேச்சு சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பயன் தென்படவில்லை என்பதை யோகா ஆசிரியர்கள் பலரும் பெருமையுடன் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் எந்த முகாமுக்கு எந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டதன்று. அதனால் இந்த ஒரு முடிவை வைத்துப் பேச்சு சிகிச்சை தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பீகாரில் 2008 வெள்ளத்துக்குப் பின் 22 ஆண்களிடம் ஒரு வார காலம் நடத்திய சோதனையில், யோகா செய்தவர்களின் சோகம் குறைந்தது, செய்யாதவர்களின் பதற்றம் கூடியது. எண்ணிக்கை சிறிது என்றாலும் இங்கே பிரிவுகள் குலுக்கல் முறையில் அமைந்தன. அதே 2008இல் ஐஸ்லாந்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் யோகா செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடும் பாதுகாப்பும் உறவும் விரைவில் திரும்பக் கிடைக்கும் இடத்தில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பயன் எப்படி ஏற்படுகிறது என்பது ஓரளவு தெரிந்ததே. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளிவிடும்போது குறைகிறது. வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கும்போது, உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் வேகஸ் நரம்பின் செயல்பாடு மேலோங்குகிறது. துடிப்பு தணிகிறது, தசைகள் தளர்கின்றன. அச்சத்தில் உறைந்தவரிடம் பயப்படாதே என்று சொன்னால் அவர் மனம் கேட்காது; மூச்சை நீட்டச் சொன்னால் அவர் உடல் கேட்கும்.

ஆனால் எந்த யோகா என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு தோட்டத்தின் சமுதாயக் கூடத்தில் மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது தகரக் கூரையில் மழை இறங்கியது. சவாசனத்தில் படுத்திருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தக் கணமே கண்ணைத் திறந்து, தலையை உயர்த்தி வாசலைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், கண்ணை மூடினா அந்தச் சத்தம் வருது" என்றார். கண்ணை மூடி மல்லாந்து படுத்து, அசையாமல் இருப்பது நமக்கு ஓய்வு. இரவில் படுக்கையிலேயே மண் வந்து மூடியதைக் கண்டவருக்கு அது அந்த இரவேதான். ஆகவே இம்மக்களுக்குக் கண் திறந்தபடி, சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்து உட்காரும் பயிற்சியே ஏற்றது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகள் பதற்றத்தின்போது உண்டாகும் மூச்சிரைப்பை ஒத்தவை என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது; கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அவற்றைச் செய்யவே கூடாது. வாய் மூடி முனகும் பிராமரியை மந்திரம் எதுவும் சேர்க்காமல் சொல்லிக்கொடுத்தால், தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களும் பள்ளிவாசலுக்குப் போகும் குடும்பங்களும் தயங்காமல் வருகின்றன. நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்ணிடம் மேலும் ஒரு மணி நேரம் ஆசனம் செய்யச் சொல்வதும் முறையன்று. நாற்காலியில் அமர்ந்தபடி பதினைந்து நிமிடமே அவருக்குப் போதும்.

பேச்சின் பக்கம் வருவோம். இதில் இரண்டு வேறுபட்ட செயல்களை ஒரே பெயரால் 'கவுன்சலிங்' என்கிறார்கள். பேரிடர் நடந்த சில நாட்களிலேயே ஒருவரை உட்காரவைத்து, என்ன பார்த்தாய், எப்படித் தப்பினாய், எல்லாவற்றையும் சொல் என்று ஒரே அமர்வில் கேட்டுவிடுவது பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியதால், உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழியைச் சொல்கிறது: சூழலைக் கவனி, சொல்ல விரும்புவதை மட்டும் கேள், தேவைப்படும் உதவியோடு இணைத்துவிடு. முதல் வாரங்களில் இதுவே சரியானது. அந்த நாட்களில் மூச்சுப் பயிற்சியும் இதற்கு அடுத்த இடத்தில்தான் வர வேண்டும். உறவினர் எந்த முகாமில் இருக்கிறார் என்று தெரியாமல் தவிக்கும் ஒருவரை மூச்சை எண்ணச் சொல்வது பொருந்தாது.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, அந்த இடத்தைத் தவிர்ப்பது, திடுக்கிடல், உணர்வு மரத்துப்போதல் ஆகியவை நீங்காமல் அன்றாட வாழ்வைக் கெடுத்தால் நிலைமை வேறு. அப்போது எண்ணத்தையும் நடத்தையையும் பேசிப் பேசி மாற்றும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் யோகாவைவிட வலுவான சான்றுகள் உடையவை. இந்த இடத்தில் பேச்சே முன்னிற்கிறது என்பதை யோகா கற்பிப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் அதற்குத் தடையாக நிற்பது மொழி. கடையிலும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் மலையாளத்தில் சமாளித்துவிடும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்ல வரும்போது தமிழ்தான் வாயில் வரும். எதிரில் இருக்கும் ஆலோசகர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், பாதி புரிந்து தலையாட்டும்போது பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. மூச்சுப் பயிற்சி இங்கே எளிதாகப் பரவுவதற்கு அதற்கு மொழி அதிகம் தேவைப்படாததும் ஒரு காரணம். ஆனால் எளிது என்பதாலேயே அதைச் சிகிச்சைக்கு மாற்றாக வைத்துவிடக் கூடாது. மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மனஸ் இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதைப் பலரும் அறியவில்லை. லயத்துச் சுவர்களில் எழுதிவைக்க வேண்டிய எண் அது.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அல்பிரசோலம், டயாசிபாம் போன்றவை அன்றிரவு தூக்கம் தரும். பழகிவிட்டால் அவை இல்லாமல் தூக்கம் வராது. பேரிடருக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்கு இவ்வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அதே நேரத்தில், கடும் மனச்சோர்வுக்கும் நீடித்த அதிர்ச்சி நோய்க்கும் மனநல மருத்துவர் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேறு வகையானவை. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். யோகா செய்கிறேன் என்று சொல்லி அவற்றைப் பாதியில் நிறுத்துவது ஆபத்து. மாத்திரையும் ஆலோசகரும் எட்டாதபோது சாராயத்தில் தூக்கம் தேடும் ஆண்களை மூச்சுப் பயிற்சிக் கூட்டங்களில் பார்க்க முடிவதில்லை என்பதும் உண்மை. அவர்களை அழைத்துவர வேறு முயற்சி வேண்டும்.

பெரியவர்கள் சொல்லும் நான்காவது வழியைப் படித்தவர்கள் பலரும் பொருட்படுத்துவதில்லை. நான் அதை மிகவும் மதிக்கிறேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்பது, கூட வேலை செய்பவர்களோடு பேசிக்கொண்டே கொழுந்து எடுப்பது, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புவது, பதினாறாம் நாள் காரியம், தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி ஆகியவை சிதறிய நாட்களை மீண்டும் ஒழுங்கில் நிறுத்துகின்றன. உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கே இல்லாமல் போகிறது. எந்த நாளில் காரியம் செய்வது, எந்த இடத்தில் விளக்கேற்றுவது, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்விகளோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது, நாடி சுத்தி என்ற மூச்சுப் பயிற்சி அவருக்கு விடை தராது. ஊரும் உறவும் பூசாரியோ பாதிரியாரோ கூடி ஒரு நாளைக் குறித்து, துக்கத்துக்கு ஓர் இடம் அமைத்துத் தருவதே முதலில் தேவை. ஆனால் அதே சரிவின் கீழ் உள்ள லயத்துக்கே திரும்பி, அதே மழையில் படுக்கச் சொல்லிவிட்டு, போகப் போகச் சரியாகும் என்று கூறுவதை ஏற்க முடியாது. இன்னும் ஆபத்தான இடத்தில் இருப்பவரின் அச்சம் நோயன்று. அவருக்கு வேண்டியது பாதுகாப்பான வீடு; மூச்சுப் பயிற்சியால் அந்த அச்சத்தை அடக்கப் பார்ப்பது நியாயமன்று.

இவற்றைச் சேர்த்துச் செய்வதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் நெடுநாள் சிகிச்சைக்குப் பின்னும் அதிர்ச்சி நோய் தீராத 64 பெண்களிடம் பத்து வாரம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், யோகா செய்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் நோய் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவரே அந்த நிலையை எட்டினார்கள். அவர்கள் பேரிடரில் சிக்கியவர்கள் அல்லர் என்றாலும், சிகிச்சையோடு சேரும்போது யோகா எவ்வளவு துணையாக நிற்கும் என்பதை இது காட்டுகிறது.

தோட்டங்களில் இதைச் செயல்படுத்த வேண்டுமானால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனுக்கு முன், ஏப்ரல், மே மாதங்களிலேயே ஒவ்வொரு லயத்திலும் தமிழ் பேசும் இரண்டு பெண்களுக்காவது பயிற்சி தர வேண்டும். கண் திறந்த மூச்சுப் பயிற்சியை அவர்கள் நடத்தட்டும். சாக வேண்டும் என்று பேசுபவர், கைக்குழந்தையைக் கவனிக்காமல் விட்டவர், மாதக்கணக்கில் தூங்காதவர், குடி கூடிப்போனவர் ஆகியோரை அடையாளம் கண்டு, மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பும், அங்கே தமிழில் அவர்களுக்காகப் பேசும் பொறுப்பும் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்கப்பட வேண்டும்.